தாளில் இல்லாத கரை

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரத்தில் பல்கலைக்கழகத்தில் வாசிப்பு நடக்கும். படைப்பெழுத்து படிக்கிறவர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே மேடையேறி வாசிப்பார்கள். கேட்க யாரும் வரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருவார்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்பவர்கள் வருவார்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட வந்து கடைசி வரிசையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போவார்கள். ஆவணி மாத வாசிப்பில் முதல் பெயராக றொசாந்தியின் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் அவளுக்கு இருந்தது ஒரேயொரு மன்றாட்டுத்தான். அம்மாவுக்கு இது தெரியவரக் கூடாது.

அவள் வாசிக்கவிருந்த கதை அவளுடைய அண்ணனைப் பற்றியது. லெனாட் அவளைவிடப் பதினொரு வயது மூத்தவன். குருநகரில் தகப்பனோடு கடற்தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறிப் போனான். தெற்குக் கரையில் எங்கோ ஓரிடத்திலிருந்து ஒரு பின்னேரம் அழைப்பெடுத்து, "அம்மா, இண்டைக்கு வெளிக்கிடுறம்" என்றான். அதற்குப் பிறகு அவனுடைய குரலை ஒருவரும் கேட்கவில்லை. அதே வள்ளத்தில் போன மற்றவர்களைப் பற்றியும் ஒரு தகவலும் வரவில்லை. ஏதோவொரு தீவில் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை வந்தது. தொலைக்காட்சியில் முகத்தைக் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். பிறகு அந்தக் கதைகளும் ஓய்ந்துபோயின. அம்மா லூர்த்தம்மா மட்டும் ஓயவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். யாராவது இரக்கப்பட்டு ஏதாவது கேட்டால், "என்ரை பிள்ளை எங்கையோ இருக்கிறான், கதைக்க வழியில்லாமல் இருக்கிறான்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள்.

அப்பா அடைக்கலநாதன் அப்படி நினைக்கவில்லை. நெஞ்சுவலி வந்து அவர் சாவதற்கு முந்தின வருடம், ஒருநாள் அம்மா சந்தைக்குப் போன நேரம், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்த மாசத்துக் கடல் எனக்குத் தெரியும் பிள்ளை. அந்த வள்ளத்தையும் எனக்குத் தெரியும். கொண்ணை உயிரோடை இல்லை. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை." அவ்வளவுதான். பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. றொசாந்தியும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது உள்ளே கிடந்து ஊறி, பாடநெறியின் இரண்டாவது தவணையில் ஒரு கதையாக வந்துவிட்டது.

லெனாட்டின் பெயரை மாற்றி அன்ரன் என்று வைத்திருந்தாள். மற்ற எதையும் மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. சின்னவயதில் தூண்டில் கொழுவிக் கிழிந்த வலக்காது, மீன்பொரியலில் வால்துண்டுக்கு அவன் பிடிக்கும் சண்டை, வீட்டுச் சேவலுக்குப் பங்குச் சுவாமியாரின் பெயரை வைத்துக் கூப்பிட்டு அடிவாங்கியது எல்லாம் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கத்தில் வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோகிறது. தண்ணீர் ஏறுகிறது. அன்ரன் நீந்தத் தெரியாத ஒருவனைத் தன் தோளில் தாங்கிப் பிடித்தபடி இருக்கிறான், கை விறைக்கும் வரைக்கும் இருக்கிறான். 'காலையில் கடல் யாருக்கும் ஒன்றும் செய்யாததுபோலக் கிடந்தது' என்பது கடைசி வரி.

வகுப்பில் அதை வாசித்தபோது விரிவுரையாளர் உதயகலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொக்குவிலில் இருந்து வருகிறவர் அவர். லேசில் ஒன்றையும் புகழமாட்டார்.

"றொசாந்தி, நீர் உதிலை ஒரு சொல்லும் மாத்தவேண்டாம்" என்றார். "முக்கியமா முடிவிலை கை வைக்கவேண்டாம்."

வாசிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு ஜெசிதா கைபேசியைக் கொண்டுவந்து லூர்த்தம்மாவிடம் காட்டிவிட்டாள். றொசாந்தியின் படத்தைப் போட்டு, பெயரையும் போட்டு, எல்லோரும் வருக என்று எழுதியிருந்தது.

"என்ன பிள்ளை, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கு, எனக்குச் சொல்லேல்லை?"

"அது சும்மா சின்ன ஒரு நிகழ்ச்சி அம்மா."

"படம் போட்டிருக்கு. சின்ன நிகழ்ச்சியே?"

"உங்களுக்கு விளங்காதம்மா. நிறைய நேரம் இருக்கவேணும், கால் வீங்கும்."

அம்மாவின் முகம் சுருங்கியதைக் கண்டு, அப்படிச் சொன்ன வாயையே அடிக்கவேண்டும் போல றொசாந்திக்கு இருந்தது. ஆனாலும் அவள் வாங்கோ என்று சொல்லவில்லை. சனிக்கிழமை காலை உண்மையாகவே லூர்த்தம்மாவின் கால் வீங்கியிருந்தது. "நீ போட்டு வா பிள்ளை, நான் அடுத்தமுறை வாறன்" என்று அவளே சொன்னாள். பஸ்ஸில் ஏறி இருந்ததும் றொசாந்திக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

மண்டபத்தில் கதிரைகள் முக்கால்வாசி நிரம்பிவிட்டன. உதயகலா அறிமுகம் செய்து முடிக்க, றொசாந்தி தாள்களோடு ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். தலைப்பை வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது பின்வாசலால் ஜெசிதா வந்தாள். ஜெசிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கோயிற் திருநாளுக்கு உடுக்கும் நீலச் சேலையில், நொண்டி நொண்டி அம்மா வந்தாள். யாரோ எழும்பி மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். அம்மா இருந்து, சேலையைச் சரிசெய்து, மகளைப் பார்த்து 'வாசி' என்று தலையை ஆட்டினாள்.

வேறு கதை கையில் இல்லை. றொசாந்தி வாசித்தாள்.

காதைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே அம்மா நிமிர்ந்துவிட்டாள். மீன்வால் வந்தபோது ஜெசிதாவின் தொடையில் தட்டினாள். சேவலின் கதைக்கு மண்டபம் முழுவதும் சிரித்தது. எல்லோருக்கும் மேலாக அம்மாவின் சிரிப்புக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆட்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இது என் மகன், தெரியுமா உங்களுக்கு என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அண்ணன் போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து றொசாந்தி கண்டதில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. எஞ்சின் நின்றது. தண்ணீர் ஏறியது. றொசாந்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கதிரையின் நுனிக்கு வந்து இருந்தாள்.

றொசாந்தி தாளைப் பார்த்தபடியே தாளில் இல்லாததை வாசித்தாள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது என்றாள். அலை தள்ளிக்கொண்டுபோய் அவர்களை ஒரு கரையில் போட்டது. அது ஒரு சின்னத் தீவு. அங்கத்தைய சனம் ஓடிவந்து தூக்கினார்கள். அவர்களுடைய பாஷை அன்ரனுக்கு விளங்கவில்லை. ஒரு கிழவி சுடுதண்ணீர் பருக்கினாள். அவன் தன் கையைக் காதில் வைத்து, அம்மாவோடு கதைக்கவேண்டும் என்று காட்டினான். அவர்களுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் அவன் உயிரோடு இருந்தான். அவ்வளவும் சொல்லிவிட்டுத் தாள்களை மடித்தாள்.

கைதட்டினார்கள். உதயகலா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார்.

ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் சபையில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லலாம். ஓய்வுபெற்ற அதிபர் இராசநாயகம் முதலில் எழும்பினார். முன்பாதி நல்லாக இருக்கிறது, முடிவு சினிமா மாதிரிப் போய்விட்டது, பிள்ளை இன்னும் கொஞ்சம் துணிந்து எழுதியிருக்கலாம் என்றார். அவர் திரும்பக் கதிரையில் இருக்கவும் லூர்த்தம்மா எழும்பினாள். யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுபோய் நீட்ட, அது எதற்கென்று தெரியாமல் அதை விலக்கிவிட்டு நேரே மகளைக் கேட்டாள்.

"பிள்ளை, அது எந்த இடம்?"

ஒலிவாங்கியைக் கொண்டுவந்தவர் அதை நீட்டியபடியே நின்றார்.

"அந்தத் தீவின்ரை பேர் என்ன? உனக்கு ஆர் சொன்னது?"

"அம்மா, வீட்டை போய்க் கதைப்பம்."

முன்வரிசையில் இருந்த அதிபர் திரும்பி, மிகத் தன்மையாகச் சொன்னார்: "அம்மா, அது கதைதானே. பிள்ளை கற்பனையா எழுதினது."

"கற்பனை இல்லை ஐயா" என்றாள் லூர்த்தம்மா. "அது என்ரை மோன். அவனுக்கு வலக்காது கிழிஞ்சது. சேவலுக்குப் பேர் வைச்சு என்னட்டைத்தான் அடி வாங்கினவன். எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கிறாள். அப்ப மிச்சமும் சரியாத்தானே இருக்கும்?"

இராசநாயகம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். உதயகலா மேடைக்கு வந்து றொசாந்தியின் தோளில் கைவைத்து, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போம்" என்று மெல்லச் சொன்னார்.

ஓட்டோவில் சொல்லிவிடலாம் என்றுதான் றொசாந்தி நினைத்தாள். அம்மா அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள். அம்மாவின் கை சுட்டது.

"எனக்கு விளங்குது பிள்ளை. உங்கை வெளிநாட்டு ஆக்கள் எல்லாம் வந்து போகினம், ஆரோ சொல்லியிருப்பினம். வெளியிலை சொல்லக்கூடாதெண்டுதான் நீ கதையா எழுதினனீ. நான் ஒண்டும் கேக்கேல்லை. உயிரோடை இருக்கிறான் எண்டதே போதும்."

"அம்மா…"

"வேண்டாம், சொல்லாதை. உனக்குக் கரைச்சல் வந்திடும்."

ஜெசிதா மறுபக்கம் பார்த்துக்கொண்டு அழுதாள். றொசாந்தி வாயை மூடிக்கொண்டாள். அன்றிரவு அம்மா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் குறட்டைவிட்டுத் தூங்கினாள். நாளைக்குச் சொல்லுவோம், ஒருநாள் சந்தோசமாக இருக்கட்டும் என்று றொசாந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதற் பூசைக்குப் போய்வந்த அம்மா லெனாட்டின் சேட்டுகளை எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். வெயிலில் அவை காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அதைக் கண்டபிறகு றொசாந்திக்கு இன்னும் பயமாகிவிட்டது. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை.

திங்கள் காலை படலையைத் திறந்துகொண்டு சின்னத்தங்கம் வந்தாள். கடற்கரை வீதியில் இருக்கிறவள். அவளுடைய ஒரே மகன் ஜஸ்ரின், லெனாட்டோடு அதே வள்ளத்தில் போனவன். கோயிலில் அம்மா அவளுடைய காதில் மட்டும் விசயத்தைச் சொல்லியிருந்தாள். தலையை வாரி இழுக்காமல், வீட்டுச் சட்டையோடு ஓடிவந்திருந்த சின்னத்தங்கம், நேரே றொசாந்தியிடம் வந்து அவளுடைய இரண்டு முழங்கையையும் பிடித்தாள்.

"பிள்ளை, என்ரை பொடியனும் அந்தக் கரையிலை இருந்தவனோ? அவனைப்பற்றி ஏதும் எழுதியிருக்கிறியோ?"

றொசாந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, சொல்லு, சொல்லு என்று முகம் மலர்ந்து நின்றாள்.

இனியும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பொய் தன் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்திருந்தாள். அது தெருவில் இறங்கி இன்னொரு தாயின் வீட்டுக்குப் போய் அவளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"அன்ரி, ஒரு கரையும் இல்லை" என்றாள். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அம்மா வந்து முன்னாலை இருந்தவ, அதுதான் அப்பிடி வாசிச்சனான். அது நானாச் சொன்னது."

சின்னத்தங்கத்தின் கைகள் அவளுடைய முழங்கையிலிருந்து மெல்ல நழுவின. கொஞ்சநேரம் அவள் கொடியில் கிடந்த சேட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "படிச்ச பிள்ளை நீ" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே போனாள். படலையைக்கூடச் சாத்தவில்லை.

றொசாந்தி திரும்பினாள். அம்மா குசினி வாசற்படியில் அப்படியே குந்திவிட்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்து றொசாந்தி கிட்டப்போய் நின்றாள். அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"அப்ப தாளிலை என்ன கிடந்தது?" என்று அம்மா கேட்டாள்.

"அது வேண்டாமம்மா."

"ஆக்களுக்கு வாசிக்கவெண்டு எழுதினதுதானே. எனக்கு வாசி."

றொசாந்தி உள்ளே போய்த் தாள்களை எடுத்துவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் படியில் இருந்து வாசித்தாள். முன்பகுதியை விட்டுவிட்டு எஞ்சின் நின்ற இடத்திலிருந்து தொடங்கினாள். தண்ணீர் ஏறியது, மற்றவனைத் தோளில் தாங்கியது, கை விறைத்தது, காலை விடிந்தது. அடுத்த வளவில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. றொசாந்தி வாசித்து முடித்துத் தாள்களைக் கீழே வைத்தாள்.

"கொப்பர் உனக்குச் சொன்னவரோ?"

"ஓமம்மா."

"தெரியும். அவர் பிறகு கடலுக்கு வெளிக்கிடேக்கை என்ரை முகத்தைப் பாக்கிறதில்லை." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இவ்வளவும் எழுதியிருக்கிறாய். அவன் என்னைக் கூப்பிடேல்லையோ?"

"நான் அதை எழுதேல்லையம்மா."

"கூப்பிட்டிருப்பான். காய்ச்சலெண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவான், உனக்குத் தெரியாது, நீ சின்னன். அம்மா, அம்மா எண்டு விடாமல் கூப்பிடுவான். கிட்டப்போய்க் கையை வைச்சால்தான் நிப்பாட்டுவான்." அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் இஞ்சை என்ன செய்துகொண்டு இருந்தன், தெரியேல்லை. கறி காச்சிக்கொண்டு இருந்திருப்பன்."

அப்போதுதான் அழுகை வந்தது. அத்தனை வருடங்களாக அழாமல் வைத்திருந்த அழுகை. ஒப்பாரி இல்லை, வார்த்தை இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த வெறும் சத்தம். ஜெசிதா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வரத் துணியாமல் நின்றாள். றொசாந்தி அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். அம்மா அவளைத் தள்ளிவிடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

அடுத்த கிழமை உதயகலா அழைப்பெடுத்தார். அன்றைக்கு அம்மா வருவா என்று தெரிந்திருந்தால் அந்தக் கதையை வைத்திருக்கமாட்டேன் என்றார். பாடநெறியின் தொகுப்பில் பழைய முடிவோடு அந்தக் கதையைப் போட விருப்பமென்றும், அம்மா சம்மதித்தால் மட்டும் போதுமென்றும் சொன்னார். றொசாந்தி அம்மாவைக் கேட்கவில்லை. வேண்டாம் மிஸ் என்று சொல்லிவிட்டாள். புரட்டாதி வாசிப்புக்கு அவள் போகவில்லை. ஐப்பசிக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்தாள். மேடையில் செந்தூரன் என்கிற பெடியன் தன் காதலைப் பற்றி வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிக்க முடியவில்லை.

வீட்டில் அம்மா சமைத்தாள், கூட்டினாள், கோயிலுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமைகளில் பாசையூருக்குப் போவது மட்டும் நின்றுவிட்டது. யாரும் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை.

கார்த்திகை பிறக்குமுன், ஆங்கிலத்துக்கு நவம்பர் இரண்டாந்தேதி, சகல ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. அன்று பின்னேரம் குருநகர்ச் சனம் எல்லாம் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறையில் பூப்போட்டு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அம்மா அப்பாவின் கல்லறையைக் கூட்டித் துடைத்து ஒரு திரியைக் கொளுத்தினாள். பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். லெனாட்டுக்கென்று அங்கே ஒரு சாண் நிலமும் இல்லை. கடைசியில் குனிந்து, அப்பாவின் திரிக்குப் பக்கத்திலேயே அதையும் நட்டுக் கொளுத்தினாள். காற்றுக்கு அது அணைந்தது. திரும்பவும் கொளுத்தினாள். றொசாந்தி இரண்டு கையாலும் காற்றை மறைத்துப் பிடித்தாள்.

வெளிக்கிடும்போது வாசலடியில் சின்னத்தங்கம் நின்றாள். ஆவணிக்குப் பிறகு அவள் இவர்களோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவளுடைய கையில் மெழுகுதிரி இல்லை. பூவும் இல்லை. இருவரும் கடந்துபோகப் பார்க்க, அவள் றொசாந்தியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிள்ளை, அண்டைக்குப் பல்கலைக்கழகத்திலை வாசிச்சியாமே. அந்தக் கரை. அதை எனக்கு ஒருக்காச் சொல்லு."

"அன்ரி, அது பொய். நான்தானே உங்களுக்குச் சொன்னனான்."

"தெரியும். நீ சொல்லு."

றொசாந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேமக்காலை மதிலில் சாய்ந்துகொண்டு, வீங்கிய காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்தாள்.

"சொல்லு" என்றாள்.

சனங்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். றொசாந்தி மெல்லத் தொடங்கினாள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அலை அவர்களைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது. சனம் ஓடிவந்தது. ஒரு கிழவி சுடுதண்ணீர் கொண்டுவந்து பருக்கினாள். சின்னத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டினாள். பிறகு கண்ணைத் திறக்காமலே இடையில் மறித்தாள்.

"ஜஸ்ரினுக்கு நீச்சல் பெரிசாத் தெரியாது. அவன் பின்னாலைதான் வந்திருப்பான்."

"ஓம் அன்ரி" என்றாள் றொசாந்தி. "ஜஸ்ரின் அண்ணை கொஞ்சம் பிந்தித்தான் வந்தவர்."